காட்டேரிக்கு வாய்க்கரிசி

சந்திரகுமார் இடியப்பத்தைச் சொதியில் நனைத்து வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் மகள் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அம்மா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். கோபாலன் மாமா நடிச்ச படம் ஒண்டு கிடைச்சிருக்கு.”

சந்திரகுமாருக்குப் புரையேறியது. சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு இருமுகிற அளவுக்கு ஏறியது. மகள் எழும்பி வந்து முதுகில் தட்டினாள். மனைவி யோகமலர் கிட்டவும் வரவில்லை. சொதிச் சட்டியோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கோபாலன் என்கிற கோபாலகிருஷ்ணன் யோகமலரின் ஒரே தம்பி. எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அகதி முகாமில் சந்திரகுமாரோடு ஒரே அறையில் கிடந்தவன். எண்பத்தேழில் ஒருநாள் விடிந்து பார்த்தால் கட்டிலில் ஆளில்லை. ஊருக்குத் திரும்பி இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றார்கள் சிலர். பிரான்சில் கண்டோம் என்றார்கள் சிலர். கனடா, நோர்வே என்று வாய்க்கு வந்த நாட்டையெல்லாம் சொன்னார்கள். சொல்லுவதற்கு என்ன, நாக்கில் எலும்பா இருக்கிறது?

லண்டன் கிங்ஸ்பரி வீட்டு ஹோலில் அவனுடைய படம் தொங்குகிறது. மாலை இல்லை, பொட்டு இல்லை. வந்த சொந்தக்காரர் யாரோ ஒருமுறை ஒரு செவ்வந்திப் பூவைச் செருகிவிட, யோகமலர் அவர்கள் முன்னாலேயே அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். “ஆர் கண்டது? கண்டவை இருந்தால் வந்து சொல்லட்டும், மாலை போடுறன்” என்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இந்த வருஷம் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் இரவு பகலாக நின்றபோது அவளும் போய் நின்றாள். மற்றவர்கள் பதாகை பிடித்தார்கள். அவள் தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வைகாசியில் போரும் இயக்கமும் எல்லாம் முடிந்தது. படம் திரும்பவும் சுவருக்கு வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழும்புவாள். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் நல்லாய்க் குறைந்திருக்கிறது என்று இரும்புச்சத்துக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

மகள் கீர்த்திகாவுக்கு இருபது வயது. ஜெர்மனியில் பிறந்து பத்து வயதில் லண்டனுக்கு வந்தவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பார்மசியும் அக்கவுண்டன்சியும் படிக்க, இவள் ஜெர்மன் இலக்கியம் படிக்கிறாள். அதிலும் கடைசி வருஷக் கட்டுரைக்கு எடுத்த விஷயம் என்ன தெரியுமோ? ஜெர்மன் கவிதையிலும் கதையிலும் படத்திலும் வருகிற இரத்தக் காட்டேரி. “ஊரிலை உலகத்திலை பிள்ளையள் வேலைக்குப் படிக்குதுகள், என்ரை பிள்ளை பேய்க்குப் படிக்குது” என்று சந்திரகுமார் கடைசி மூன்று மாதமாகப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பகிடி இப்போது அவர் தொண்டையிலேயே வந்து அடைத்தது.

“பெர்லின் ஆர்கைவ் ஒண்டுக்கு மெயில் போட்டனான்” என்றாள் கீர்த்திகா. “ஆருக்கும் தெரியாத வாம்பயர் படம் இருக்கோ எண்டு கேட்டன். எண்பத்தாறிலை ஒரு ஸ்டூடன்ட் எடுத்த சைலன்ட் படம் அனுப்பினவை. போட்டுப் பாக்கிறன், எங்கடை ஹோல் சுவரிலை இருக்கிற அதே முகம்! அம்மா, மாமாதான் வாம்பயர்.”

யோகமலர் சட்டியை மெதுவாக மேசையில் வைத்தாள். கையைத் துடைத்தாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் நடக்கிறானோ அதிலை?”

“நடக்கிறார், ஓடுறார், சிரிக்கிறார். எல்லாம் செய்யிறார்.”

“போடு பார்ப்பம்.”

“வீட்டை கொண்டுவர விடமாட்டினம் அம்மா. கொலிஜுக்கு மட்டும்தான் பெர்மிஷன். சனிக்கிழமை பின்னேரம் அங்கை போட்டுக் காட்டி நான் பேசப்போறன். நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரோணும்.”

“எவ்வளவு நேரம் ஓடும்?” என்றார் சந்திரகுமார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. “முழுக்கக் காட்டுவியோ, கொஞ்சம் வெட்டிக் காட்டுவியோ?”

“ஏன் அப்பா வெட்டோணும்?”

“சும்மா கேட்டனான், பிள்ளை.”

சும்மா கேட்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இந்த மனுஷனுக்கு மடியில் இருந்தது கனமில்லை, பாறாங்கல்.

அந்தப் படம் எடுத்த மார்கழி மாதம் அவருக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது. முகாமில் இருப்பவர்கள் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். கட்டிலில் கிடந்து சுவரைப் பார்ப்பதுதான் உத்தியோகம். அப்படிக் கிடந்த நாளொன்றில் உல்ரிக்கே என்று ஒரு பெட்டை, படக் கல்லூரி மாணவி, முகாம் வாசலில் வந்து நின்று தனக்கு ஒரு காட்டேரி வேண்டும் என்றாள். ஒட்டின கன்னம், பெரிய கண், வெளிநாட்டு முகம். கோபாலன்தான் முதல் ஆளாய்க் கையைத் தூக்கினான். “மச்சான், இந்த நாட்டிலை எங்களுக்குக் கிடைக்கிற ஒரே வேலை பேய் வேலைதான், விடக்கூடாது” என்று சந்திரகுமாரையும் இழுத்துக்கொண்டு போனான்.

பழைய பியர்த் தொழிற்சாலை ஒன்றின் நிலவறையில்தான் சவப்பெட்டிக் காட்சி. கோபாலனுக்கு முகமெல்லாம் மாப் பூசிப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். உங்கள் ஊரில் செத்தவரை எப்படி வழியனுப்புவீர்கள் என்று உல்ரிக்கே கேட்க, பெட்டிக்குள் கிடந்தபடியே கோபாலன் தன் ஓட்டை ஜெர்மனில் வாய்க்கரிசியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தான். அவளுக்குக் கண் பளிச்சிட்டது. எங்கிருந்தோ பால்சோறு காய்ச்சுகிற குண்டு அரிசி ஒரு பக்கற் வந்தது. சொந்தக்காரர் போடுகிற மாதிரிக் கைகளை மட்டும் எடுப்போம், முகம் வராது என்றாள். முதலில் இரண்டு ஜெர்மன் பொடியன்கள் போட்டார்கள்.

“மச்சான், நீயும் போடு” என்றான் கோபாலன். அக்காவை அவருக்குப் பேசி முடித்திருந்த நேரம் அது. “நாளைக்கு எங்கடை அக்காவைக் கட்டப்போறவன். உன்னை விட்டா இஞ்சை எனக்கு ஆர் சொந்தம்?”

“விசரே உனக்கு? உயிரோடை இருக்கிறவனுக்கு வாய்க்கரிசியோ?”

“போடடா. கெதியா முடிச்சாத்தான் கெதியாச் சூப் தருவாள்.”

போட்டார். வலது கையால் ஒரு பிடி அள்ளி, அவன் உதட்டுக்கு நடுவில் போட்டார். போட்ட கையோடு நெஞ்சு திக்கென்றது. ஒரு நிமிஷம்கூட நிற்காமல், திரும்பிப் பாராமல், படியேறி வெளியே பனிக்குள் போய் நின்றார். நாடகத்தில் பிணமாய்க் கிடப்பவனுக்குக்கூட முடிந்ததும் தேங்காயோ பூசணிக்காயோ உடைத்துக் கண்ணூறு கழிப்பார்கள். பெர்லின் பனியில் தேங்காய்க்கு எங்கே போவது? விட்டுவிட்டார்கள். சில மாதத்தில் கட்டிலில் ஆளில்லை.

அடுத்த வருஷம் யோகமலர் கலியாணத்துக்கென்று ஜெர்மனியில் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், “தம்பியைக் கடைசியாக் கண்டது நீங்கள்தானே?” என்று கேட்டாள். இவர் எல்லாம் சொன்னார். சூப் குடித்ததைச் சொன்னார், சீட்டுக்கட்டுக் கடுதாசி விளையாடினதைச் சொன்னார். படத்தைச் சொல்லவில்லை. உன் தம்பிக்கு உயிரோடு வாய்க்கரிசி போட்டவன்தான் உனக்குத் தாலி கட்டப்போகிறவன் என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு விழுங்கினது, விழுங்கினதுதான்.

முகம் வராது, கைதானே என்று வேறு யாராவது என்றால் ஆறுதல்படலாம். சந்திரகுமாரால் ஏலாது. ஊரில் வொலிபோல் விளையாடி முறிந்து, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி போட்ட கட்டோடு கோணலாய்ப் பொருந்திய சின்னவிரல் அவருக்கு. அவர் இலக்ரீசியன், வயர் முறுக்குகிற ஒவ்வொரு நேரமும் அந்த விரல் தனியே பிரிந்து நிற்கும். அதை இருபத்தொரு வருஷமாய் ஒரே மேசையில் பார்த்துக்கொண்டிருப்பவள் பார்த்ததும் கண்டுபிடிப்பாள்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் காட்டேரிப் பேச்சுத்தான். கீர்த்திகா பேச்சைப் பழகுகிறேன் என்று ஹோலில் நடந்து நடந்து பேசினாள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுத்த மாதிரி, பயந்து கிடந்த மனுஷனுக்கு அவள் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தாள்.

“அப்பா, பழைய ஜெர்மன் கிராமங்களிலை வாம்பயர் வெளியிலை வந்து கழுத்தைக் கடிக்கிறதே இல்லை, தெரியுமோ? அவன் குழிக்குள்ளையே கிடப்பான். வாயிலை அம்பிடுற துணியைச் சப்பிக்கொண்டு கிடப்பான். அவன் சப்பச் சப்ப, வெளியிலை அவன்ரை சொந்தக்காரர் ஒவ்வொருத்தரா மெலிஞ்சு, இரத்தம் வத்திச் சாவினம். அதைத் தடுக்கத்தான் செத்தவன் வாயிலை கல்லோ காசோ வைக்கிறவை.”

“சொந்தக்காரர் எண்டா?”

“முதலிலை கிட்டின சொந்தம். அம்மா, அக்கா, தங்கச்சி…”

சந்திரகுமார் மனதுக்குள் கணக்குப் போட்டார். கோபாலன் போன பிறகு மாமியார் போனார். அடுத்து மாமனார். இப்போது யோகமலர். மேசையில் கிடந்த இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டியைப் பார்த்தார். மாமியாருக்கு நீரிழிவு, மாமனாருக்கு நெஞ்சுவலி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீடு வீடாய் மின்சாரம் பூட்டிக் கொடுக்கிற மனுஷன், சொந்த வீட்டு ஹோலில் மச்சானின் படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, சுவரோரமாய் நடந்தார்.

சாட்டுச் சொல்லிப் பார்த்தார். “சனிக்கிழமை ஜூபிலி லைன் ரயில் ஓடாதாம், பூட்டாம்” என்றார். “அப்ப பஸ்ஸிலை போவம்” என்றாள் யோகமலர். “எனக்குக் காய்ச்சல் காயுது போலை கிடக்கு” என்றார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்டும் இல்லை. ஏலாட்டிப் படுத்திருங்கோ, நான் தனியப் போட்டு வாறன்” என்றாள். தனியே போகவிட்டு வீட்டில் படுத்திருப்பதை நினைத்ததும் உண்மையாகவே காய்ச்சல் வந்துவிடும்போல இருந்தது. “இல்லை இல்லை, வாறன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவளை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குத் தான் வேலைக்கு ஓட்டுகிற வானில் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் சொல்லிவிடுவது என்று ஒரு முடிவு. அவள் முன்பு விரும்பிக் கேட்கிற பாட்டுக் கசற்றைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டார். சிவப்பு விளக்கில் நின்றபோது, “மலர்…” என்று தொடங்கினார்.

“அவன்ரை நடை எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு” என்றாள் அவள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. “ஒரு தோளைச் சரிச்சுச் சரிச்சு நடப்பான். நாளைக்குப் பாக்கப்போறன், என்னப்பா?”

அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. சந்திரகுமார் வாயை மூடிக்கொண்டு வானை எடுத்தார்.

கோயிலில் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, பேர் நட்சத்திரம் கேட்டார். கோபாலனின் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே அர்ச்சனை. இருக்கிறானா? பின்னால் யோகமலர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். “சந்திரகுமார், உத்தரட்டாதி” என்று தன் பேரைச் சொல்லி அர்ச்சனையைத் தனக்கே செய்வித்துக்கொண்டு வந்தார். வெட்கம் கெட்ட வேலைதான். வேறு என்ன செய்வார்?

சனிக்கிழமை வந்துவிட்டது. யோகமலர் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் பச்சைச் சேலை கட்டினாள். லைன் பூட்டவுமில்லை, பஸ் பிந்தவுமில்லை. எல்லாம் சொல்லிவைத்த மாதிரிச் சரியாக ஓடின.

சின்ன மண்டபம். மாணவர்களும் இரண்டு மூன்று நரைத்த தலைகளும் இருந்தார்கள். கீர்த்திகா முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். சந்திரகுமாருக்குப் பாதிதான் பிடிபட்டது. ஜெர்மன் கவிஞர்கள்தான் காட்டேரியைக் கிராமத்துக் குழியிலிருந்து எழுப்பிப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார்களாம். கவிதையில் அது பெண்களை மயக்கியதாம். ஊமைப்படத்துக்கு வந்தபோது முகம் மாறிவிட்டதாம். கிழக்கே எங்கோ இருந்து வருகிறவன், பாஷை தெரியாதவன், தன்னோடு கொள்ளைநோயைக் கொண்டுவருகிறவன். ஊர் தனக்கு ஆகாதவனுக்கெல்லாம் அந்த முகத்தை மாட்டிவிடுமாம். “இந்தப் படத்தில் மட்டும் கேள்வி திரும்புகிறது” என்றாள் கீர்த்திகா. “வந்தவன் ஊரின் இரத்தத்தைக் குடிக்கிறானா, ஊர் வந்தவனின் இரத்தத்தைக் குடிக்கிறதா?” அந்தப் பயத்துக்குள்ளும் சந்திரகுமாருக்கு நெஞ்சு ஒருமுறை நிமிர்ந்தது. பேய்க்குப் படித்தாலும் பிள்ளை வடிவாய்த்தான் படித்திருக்கிறாள்.

விளக்கு அணைந்தது.

திரையில் ஒரு ரயில் நிலையம். புகைக்குள்ளிருந்து நீளக் கறுப்புக் கோட்டோடு ஒருவன் வந்தான். ஒரு தோளைச் சரித்துச் சரித்து நடந்து வந்தான். பக்கத்தில் யோகமலரின் மூச்சு நின்றது சந்திரகுமாருக்குக் கேட்டது.

“இஞ்சை… இஞ்சை… வாறான்” என்றாள் அவள். தாழ்ந்த குரல்தான். ஆனாலும் முன்வரிசையில் ஒரு நரைத்த தலை திரும்பிப் பார்த்தது.

கோபாலன் கதவு கதவாய்த் தட்டினான். கதவுகள் சாத்தப்பட்டன. வெள்ளைக் கோட்டு ஆட்கள் அவன் கையைப் பிடித்து நீட்டி இரத்தம் எடுத்தார்கள், ஒரு சீசா, இன்னொரு சீசா, மேசை நிறையச் சீசா. ஒரு குழந்தை பந்தைத் தவறவிட, அவன் எடுத்துக் கொடுத்துச் சிரித்தான். நீளப் பல் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பல்லோடும் அது கோபாலனின் சிரிப்புத்தான். யோகமலர் திரையைப் பார்த்துத் திருப்பிச் சிரித்தாள். சந்திரகுமார் சிரிக்கவில்லை. அவர் வலது கையைத் தொடைக்கும் கதிரைக்கும் நடுவில் செருகி ஒளித்து வைத்திருந்தார். திரையில் வரப்போகிற கையை ஒளிக்கத் தெரியாத மனுஷன், மடியில் கிடந்த கையை ஒளித்துக்கொண்டிருந்தார்.

நிலவறை வந்தது. பெட்டி வந்தது. மாப் பூசிய முகம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. யோகமலர் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

ஒரு கை வந்து அரிசி போட்டது. வெள்ளைக் கை. இன்னொரு வெள்ளைக் கை. மூன்றாவதாக ஒரு கறுத்த, மெல்லிய கை திரைச் சட்டத்துக்குள் வந்தது. சின்னவிரல் கோணலாய்த் தனியே நின்றது. ஐந்து விரலும் விரிந்து, அரிசி உதட்டில் விழுந்தது.

யோகமலர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே தன் கையை நீட்டி, சந்திரகுமாரின் தொடைக்கு அருகே தடவி, ஒளிந்திருந்த கையை வெளியே இழுத்தாள். சின்னவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிடித்தபடியே இருந்தாள். முடிந்தது கதை, இனி இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று நினைத்தார் சந்திரகுமார்.

அதற்குப் பிறகு திரையில் நடந்தது அவர் அறியாதது. படியேறி வெளியே ஓடினவருக்கு எப்படித் தெரியும்? கமெரா கோபாலனின் முகத்திலேயே நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு அவன் தாடை மெல்ல அசைந்தது. ஒருமுறை. இரண்டாம் முறை. செத்துக் கிடந்தவன் வாயிலிட்ட அரிசியை மென்றான்.

மண்டபத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அது குழிக்குள் சப்புகிற பழைய பேய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீர்த்திகா சொல்லிக் கொடுத்திருந்தாள். சந்திரகுமாருக்கு முதுகு சில்லிட்டது. யோகமலர் மட்டும் முன்னால் குனிந்து, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபாலன் மென்று முடித்து விழுங்கினான். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது தெரிந்தது. கண் மூடியிருந்தது, ஆனால் உதட்டு ஓரத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

விளக்கைப் போட்டார்கள். கைதட்டினார்கள். யோகமலர் எழும்பி, ஒருவர் முகத்தையும் பாராமல் வெளியே போனாள். சந்திரகுமார் பின்னால் ஓடினார். மாடிப்படியில், ஜன்னலோரம் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மலர்…”

“அது உங்கடை கைதானே?”

“ஓம்.”

ஒரு கிழமையாய்க் கட்டி வைத்திருந்த வசனமெல்லாம் பறந்துவிட்டது. “விளையாட்டாத்தான் மலர். அவன்தான் போடு எண்டவன். நான் மாட்டன் எண்டனான். வேலை இல்லை, சாப்பாடு இல்லை, அந்த வயசிலை புத்தியும் இல்லை. உயிரோடை இருந்தவனுக்கு என்ரை கையாலை… அந்தக் கையாலைதான் அவனுக்கு…”

“பேசாமல் நில்லுங்கோ” என்றாள்.

நின்றார்.

“அவன் உயிரோடை இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ? வைகாசியிலையே தெரியும். எங்கையோ ஒரு பத்தைக்குள்ளையோ கடற்கரையிலையோ கிடந்திருப்பான். அது எல்லாற்றை பிள்ளையளுக்கும் வந்த விதி. ஆனா என்ரை தம்பியின்ரை வாயிலை ஒரு மணி அரிசி போட ஒரு சொந்தக் கை இல்லாமல் போச்சே எண்டுதான்… சோத்தை அள்ளினால் அந்த நினைப்பு. வாயிலை வைச்சால் அந்த நினைப்பு. எனக்கு ஏன் சாப்பாடு இறங்கேல்லை எண்டு நீங்கள் நினைச்சனீங்கள்?”

சந்திரகுமார் ஒரு படி இறங்கி அவள் பக்கத்தில் வந்தார்.

“நீங்கள் போட்டிருக்கிறியள்” என்றாள் அவள். குரல் உடைந்தது. “என்ரை மனுஷன் போட்டிருக்கிறார். அவன் அதைத் திண்டுமிருக்கிறான். இதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு, இவ்வளவு காலமும், எனக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டிருக்கிறியள். ஒரு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் எப்பவோ அவனை அழுது முடிச்சிருப்பனே.”

சந்திரகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம் என்று தான் பூட்டி வைத்ததுதான் அவள் தேடித் திரிந்த மருந்து. மனைவியின் இரத்தத்தை யார் உறிஞ்சுகிறார்கள் என்று ஒரு கிழமையாய்ச் சுவரில் தொங்குகிறவனைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எவ்வளவு போட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஒரு பிடி.”

“நல்லா அள்ளியோ?”

“அள்ளித்தான். கொஞ்சம் சிந்தினது.”

“ஒரு பிடி அவனுக்கு எந்த மூலைக்கு?” என்றாள் யோகமலர். “பசி தாங்கமாட்டானே என்ரை ராசா…”

கைப்பிடியை விட்டுவிட்டு, பச்சைச் சேலையோடு அந்தப் படியிலேயே சரிந்து உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதாள். மண்டபத்திலிருந்து வந்தவர்கள் படியின் மேலேயே நின்றுவிட்டார்கள். கீர்த்திகா அவர்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சந்திரகுமார் மனைவிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவள் அழுகைக்கு நடுவே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “அண்டைக்கு அவன் என்ன சொன்னவன், முதலிலையிருந்து சொல்லுங்கோ” என்றாள்.